வீட்டில் கட்டிய சிஎன்சிக்கு எமர்ஜென்சி ஸ்டாப்: பட்டன், காண்டாக்டர், சேஃப்டி ரிலே, 16 மாத உபயோகத்துக்குப் பிறகு

முதலில் எதற்காக இதையெல்லாம் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஒரு சிவப்புப் பட்டனுக்கு இவ்வளவு செலவா என்று தோன்றும்.

2024 ஆடி மாதம், ஒரு ஞாயிறு மதியம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில்தான் என் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் மெஷின், நிற்கிறது. அலுமினிய ப்ரொஃபைல், 1605 பால் ஸ்க்ரூ, பிட்டைச் சுழற்ற 1.5 கிலோவாட் ஏர் கூல்டு ஸ்பிண்டில், அச்சுகளை நகர்த்த அர்டுயினோ ஊனோ போர்டில் ஜிஆர்பிஎல் மென்பொருள் என்று ஒவ்வொன்றாக வாங்கி நானே கட்டியது. அன்றைக்குப் பண்ருட்டியிலிருந்து வந்த பலாப் பலகையில் பூஜை அறைக் கதவுக்குச் செதுக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்பது வருடம் உளியும் இழைப்புளியுமாக இருந்தவர், மேசையில் தூள் சேர்ந்தால் அவருக்குப் பொறுக்காது, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனிந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனி, பிட்டைப் பிடித்திருக்கும் காலெட் நட்டைத் தொட்டது. நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடுகிற நட். ஒரே இழுப்பில் துண்டு போய்ச் சுற்றிக்கொண்டது. கழுத்தைச் சுற்றிப் போடாமல் சும்மா தோளில் போட்டிருந்ததால் கழுத்தோரம் தோல் உரிந்ததோடு போயிற்று.

நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். சிவப்புப் பட்டனை ஓங்கி அடித்தேன். பட்டன் உள்ளே போனது, பூட்டியும் கொண்டது, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. சுவர்ப் பக்கம் ஓடி எம்சிபியை இறக்கினேன், அதற்குப் பிறகும் ஸ்பிண்டில் வேகம் அடங்கும்வரை அந்தத் துண்டு பலகையில் படபடவென்று அடித்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் பிரித்துப் பார்த்தேன். கிட்டோடு வந்த பட்டன் அது. அதன் என்ஓ காண்டாக்டில் இரண்டு வயரைப் பற்றவைத்து ஜிஆர்பிஎல்லின் ரீசெட் பின்னுக்கு, அதாவது ஊனோவில் ஏ0-வுக்குக் கொடுத்திருந்தேன். கிட்டோடு வந்த படத்தில் அப்படித்தான் இருந்தது. அதிர்வில் ஒரு வயர் பற்றோடு விட்டுப்போயிருந்தது, எப்போது விட்டது என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் என்ஓ என்றால் சாதாரண நேரத்தில் சுற்று திறந்தே இருக்கும், வயர் அறுந்தாலும் திறந்தேதான் இருக்கும், போர்டுக்கு இரண்டும் ஒன்றுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வயர் நன்றாக இருந்திருந்தாலும் ஸ்பிண்டில் நின்றிருக்காது. ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியை நான் அதன் முகப்புக் குமிழிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன், ஜிஆர்பிஎல்லுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆக என் மெஷினில் இருந்தது எமர்ஜென்சி ஸ்டாப் போலத் தெரிகிற ஒரு பட்டன், அவ்வளவுதான். வீட்டில் மெஷின் கட்டுகிற நிறையப் பேரிடம் இப்படித்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அந்த வாரமே பஸ் ஏறிப் புதுச்சேரி போனேன். அண்ணா சாலைப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடை, கல்லாவில் இருந்த அண்ணன் முன்பு பேனல் போர்டு கட்டும் பட்டறையில் வயரிங் வேலை பார்த்தவராம். நடந்ததைச் சொன்னேன். கழற்றி எடுத்துப்போன பட்டனைத் திருப்பிப் பார்த்தார்.

"என்ஓவுல போட்டியா தம்பி?"

"ஆமாண்ணே, படத்துல அப்படித்தான் இருந்துச்சு."

"பட்டன் வேல செய்யுதான்னு அமுக்கிப் பாக்காத. வயரப் புடுங்கிப் பாரு. புடுங்குனா மெஷின் நிக்கணும். அதுல நிக்கலன்னா நீ அமுக்குற அன்னிக்கும் நிக்காது."

என்சி, அதாவது எப்போதும் மூடியிருக்கும் காண்டாக்ட் வழியாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அது எந்தக் காரணத்தால் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும். வயர் அறுந்தால், எலி கடித்தால், ஸ்க்ரூ தளர்ந்தால், 24 வோல்ட் சப்ளை செத்தால், எதுவானாலும். இதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, பொருளுக்கு வருகிறேன். பட்டன் ஷ்னைடரின் எக்ஸ்பி4 வரிசை, எண் எக்ஸ்பி4பிஎஸ்8442. உலோகக் கழுத்து, 40 மில்லிமீட்டர் காளான் தலை, அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், திருகினால் விடும், 22 மில்லிமீட்டர் வகை. இதே பட்டன் பிளாஸ்டிக் கழுத்தோடு எக்ஸ்பி5 வரிசையிலும் உண்டு. எனக்குப் பிடித்தது அதன் அமுக்கம். பாதி அமுக்கிப் பார்த்தால் ஒன்றும் நடக்காது, விட்டால் திரும்பி வந்துவிடும். ஒரு புள்ளியைத் தாண்டியதும் பூட்டும் காண்டாக்டும் சேர்ந்தே விழும். நடுவில், காண்டாக்ட் திறந்து பட்டன் பூட்டாமல், தொங்குகிற நிலை கிடையாது. எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனுக்கு என்றே இருக்கும் ஐஇசி 60947-5-5 தரநிலை கேட்பது இதைத்தான், பூட்டாமல் நிறுத்தக் கூடாது, பூட்டினால் நிறுத்தியே ஆக வேண்டும். என் பழைய பட்டனை மல்டிமீட்டரில் மாட்டி மெதுவாக அமுக்கிப் பார்த்தேன், காண்டாக்ட் திறந்த பிறகும் பட்டன் பூட்டாமல் திரும்பி வந்தது. பதற்றத்தில் அரைகுறையாகக் கை பட்டால் நின்ற மெஷின் மறுபடி கிளம்பும் என்று அர்த்தம்.

பட்டனின் பின்னால் மாட்டுகிற காண்டாக்ட் எலிமென்ட்டைப் பாருங்கள், வட்டத்துக்குள் ஒரு அம்புக்குறி அச்சடித்திருக்கும். அது அலங்காரம் இல்லை. உள்ளே காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டாலும் பட்டனை அமுக்கும் நம் கை பலமே, ஸ்ப்ரிங்கை நம்பாமல், நேரடியாகத் தள்ளிப் பிரித்துவிடும் என்பதற்கான அடையாளம். பழைய பட்டனை முழுக்கப் பிரித்ததில் உள்ளே ஒரு மெல்லிய தகடு, அதைத் தூக்கிவிட ஒரு சின்ன ஸ்ப்ரிங், அவ்வளவே. தகடு ஒட்டிக்கொண்டால் ஸ்ப்ரிங்கால் அதைப் பிய்க்க முடியாது. கடையில் வாங்கும்போது நிறத்தையோ அளவையோ பார்ப்பதற்கு முன்னால் அந்த வட்ட அம்புக்குறியைத் தேடுங்கள், எந்தக் கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை.

இந்த எண்ணில் ஒரு என்சி எலிமென்ட் மட்டும் வரும். இரண்டு சேனல், அதாவது ஒன்று பழுதானாலும் மற்றது வெட்டும்படி இரண்டு தனிச் சுற்று, வேண்டுமென்றால் இன்னொரு என்சி எலிமென்ட், எண் இசட்பிஇ102, தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்தேன். கூடவே மஞ்சள் வட்டத் தகடும் வாங்குங்கள், சிவப்புத் தலைக்குப் பின்னால் மஞ்சள் இருக்க வேண்டும் என்பது விதி, அதோடு பதற்றத்தில் கண் தேடுவதும் அந்த மஞ்சளைத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, எல்லாக் கம்பெனிப் பட்டனுக்கும் பொருந்துவது. எலிமென்ட் என்பது தலையின் பின்னால் பேனலுக்குள் மாட்டப்படுகிற தனித் துண்டு. யாராவது சரியாக மாட்டாமல் விட்டு, அது தலையை விட்டுக் கழன்று தொங்கினால், என்சி மூடியேதான் இருக்கும், மெஷின் ஜோராக ஓடும், பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் எலிமென்ட்டுக்குத் தெரியாது. வயரைப் பிடுங்கும் சோதனையிலும் இது மாட்டாது. இதற்காகவே எலிமென்ட் கழன்றால் தானே சுற்றை முறிக்கும் வகைகள் சில கம்பெனிகளில் உண்டு. நம் வரையில், மாட்டியபின் ஒரு இழு இழுத்துப் பார்ப்பது, பெட்டியை எப்போது திறந்தாலும் அதைத் தொட்டுப் பார்ப்பது. நான் இரண்டு சோதனையும் செய்கிறேன், வாரா வாரம் அமுக்கிப் பார்ப்பது, மாதம் ஒரு தடவை வயரைக் கழற்றிப் பார்ப்பது.

அடுத்தது காண்டாக்டர், சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைச் சேர்க்கவும் வெட்டவும் செய்கிற சுவிட்ச். ஷ்னைடர் எல்சி1டி09பிடி, 24 வோல்ட் டிசி காயில், மோட்டார் வேலைக்கு ஏசி-3 கணக்கில் 9 ஆம்பியர். கடையில் எல் அண்ட் டி எம்என்எக்ஸும் காட்டினார்கள். எல் அண்ட் டியின் எலக்ட்ரிக்கல் பிரிவு 2020-லேயே ஷ்னைடரிடம் போய், இப்போது லாரிட்ஸ் நுட்சன் என்ற பெயரில் வருகிறது, ஆனால் கல்லாவில் எல்லோரும் இன்னும் எல் அண்ட் டி என்றுதான் கேட்கிறார்கள். இரண்டில் எதை எடுத்தாலும் நல்லதுதான், 24 வோல்ட் டிசி காயில் கையில் இருந்தது இது, அதனால் எடுத்தேன்.

ஏன் 24 வோல்ட் என்றால், எமர்ஜென்சி பட்டன் நாம் கை வைக்கிற இடத்தில் இருக்கிறது, வியர்த்த கை, சில நாள் ஈரக் கை. அந்தப் பெட்டிக்குள் 230 வோல்ட்டைக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டன் 24 வோல்ட்டை மட்டும் வெட்டும், அந்த 24 வோல்ட் காண்டாக்டர் காயிலைப் பிடித்திருக்கும், காண்டாக்டர்தான் பெரிய மின்சாரத்தை வெட்டும்.

சேஃப்டி ரிலே வாங்கப் பணம் சேரும்வரை முதல் மூன்று மாதம் நான் வைத்திருந்த சாதா சுற்றைச் சொல்கிறேன், குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள். 24 வோல்ட் பிளஸ் ஒரு ஃப்யூஸ் வழியாக வந்து, எமர்ஜென்சி என்சி, அப்புறம் சாதா ஆஃப் பட்டனின் என்சி, அப்புறம் பச்சை ஆன் பட்டனின் என்ஓ, அங்கிருந்து காண்டாக்டர் காயிலின் ஒரு முனையான ஏ1. மறுமுனை ஏ2 நேராக 0 வோல்ட்டுக்கு. ஆன் பட்டனுக்குப் பக்கவாட்டில் காண்டாக்டரின் சொந்த என்ஓ, 13-14, பேரலலாக. ஆனை ஒரு தடவை அமுக்கினால் காண்டாக்டர் இழுத்து, 13-14 மூடி, தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். எமர்ஜென்சியை அடித்தால் விழும், பட்டனைத் திருகி விடுவித்தாலும் விழுந்தே கிடக்கும், மறுபடி யாராவது வந்து ஆன் அமுக்கினால்தான் எழும். பட்டனை விடுவிப்பது மெஷினைக் கிளப்பக் கூடாது என்பது ஐஎஸ்ஓ 13850-இல் உள்ள விதி.

இதில் எங்கள் ஊருக்கு இன்னொரு லாபம். கரண்ட் போய் வரும்போது. முன்பெல்லாம் மின்சாரம் போனால் நான் ஸ்பிண்டிலுக்குக் கீழே கை விட்டு பிட்டைப் பார்ப்பேன், திடீரென்று கரண்ட் வந்தால் எல்லாம் உயிர் பெறும். இப்போது கரண்ட் போனால் காண்டாக்டர் விழுந்துவிடும், திரும்பி வந்தாலும் ஷெட்டில் விளக்கு மட்டும் எரியும். இந்த ஒன்றுக்காகவே காண்டாக்டர் செலவு தகும்.

இனி சேஃப்டி ரிலே. இங்கேதான் பலருக்கும் சந்தேகம் வரும், பட்டனும் காண்டாக்டரும் போதாதா என்று. எனக்கும் வந்தது. காண்டாக்டரின் உள்ளே இருப்பதும் காண்டாக்ட்தான், விஎஃப்டி ஆன் ஆகிற நொடியில் அதன் கெப்பாசிட்டர்கள் பெரிய கரண்ட்டை இழுக்கும், நாளாவட்டத்தில் ஒரு நாள் அந்த காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டால் காயிலுக்கு மின்சாரத்தை வெட்டியும் பயன் இல்லை. அதற்கு இரண்டு காண்டாக்டரை வரிசையாகப் போடுவார்கள், ஒன்று ஒட்டினால் மற்றது வெட்டும். ஆனால் ஒன்று ஒட்டியதே நமக்குத் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டாவதும் ஒரு நாள் ஒட்டும். சேஃப்டி ரிலே அதைக் கவனிக்கிறது. ஒவ்வொரு காண்டாக்டரிலும் 21-22 என்ற என்சி இருக்கிறது, அது மிரர் காண்டாக்ட், மெயின் காண்டாக்டில் ஒன்று ஒட்டியிருந்தாலும் அந்த என்சி மூடாது. எல்லா 21-22 களையும் வரிசையாக ரீசெட் பட்டனோடு சேர்த்துவிட்டால், ஏதாவது ஒன்று ஒட்டியிருந்தால் ரிலே ரீசெட் ஆகவே மறுக்கும். மெஷின் கிளம்பாது. நாம் பெட்டியைத் திறந்து பார்ப்போம்.

நான் வாங்கியது பில்ஸ் பிஎன்ஓஇசட் எஸ்5. பட்டன், காண்டாக்டர்கள், பெட்டி, எல்லாம் சேர்ந்த விலையை விட இது ஒன்றே அதிகம், ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய இரும்புக் கடைகளில் பிரித்த மெஷினிலிருந்து எடுத்த சேஃப்டி ரிலே கிடைக்கும், விலை கேட்டு நானும் ஆசைப்பட்டேன், ஆனால் அது எத்தனை வருடம் எத்தனை தடவை அடித்தது, எதற்காகக் கழற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஒரு பொருளைப் புதிதாகவே வாங்குங்கள்.

எஸ்5-ஐத் தேர்ந்தெடுக்கக் காரணம் ஸ்பிண்டில். அதில் இரண்டு காண்டாக்ட் உடனே திறக்கும், இரண்டு நாம் வைத்த நேரம் கழித்துத் திறக்கும். 7, 8 என்று முடிகிற எண்கள் தாமதம். இது எனக்கு ஏன் தேவைப்பட்டது என்றால், விஎஃப்டிக்கு வருகிற மின்சாரத்தைச் சட்டென்று வெட்டினால் ஸ்பிண்டில் நிற்காது, தன் போக்கில் சுழலும். என் மெஷினில் 18,000 சுற்றிலிருந்து தானாக அடங்க 14 விநாடி ஆகிறது, போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். 14 விநாடி துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அதே ஸ்பிண்டிலை விஎஃப்டியே பிரேக் போட்டு இறக்கினால் 3 விநாடி. 2 விநாடிக்கு வைத்துப் பார்த்தேன், சுழற்சியின் சக்தி திரும்பி வந்து விஎஃப்டிக்குள் டிசி வோல்ட்டேஜ் ஏறி அது டிரிப் ஆகிவிட்டது, அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் பிரேக்கிங் ரெசிஸ்டர் வேண்டும்.

அதனால் இப்படிச் செய்தேன். உடனே திறக்கும் ஒரு காண்டாக்ட் விஎஃப்டியின் ரன் டெர்மினலில், அது திறந்ததும் விஎஃப்டி 3 விநாடியில் இறக்குகிறது. உடனே திறக்கும் இன்னொன்று, அச்சுகளை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார்களின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகும் வரிசைக் காண்டாக்டர் இரண்டையும் விடுகிறது. தாமதமானது 4 விநாடி கழித்து விஎஃப்டியின் உள்வரும் மின்சாரத்தைப் பிடித்திருக்கும் மூன்றாவது காண்டாக்டரை விடுகிறது. விஎஃப்டி ஏதோ கோளாறில் ரன் டெர்மினலை மதிக்காமல் போனாலும் 4 விநாடியில் அதன் வாயில் மின்சாரம் இருக்காது. ஐஇசி 60204-1 சொல்லும் வகையில் இது கேட்டகரி 1, கட்டுப்பாட்டோடு நிறுத்தி அப்புறம் வெட்டுவது. எடுத்த எடுப்பில் வெட்டுவது கேட்டகரி 0. நிறுத்திவிட்டு மின்சாரத்தை வைத்தே இருப்பது கேட்டகரி 2, அது எமர்ஜென்சிக்கு அனுமதி இல்லை.

இதில் யாரும் தயவுசெய்து செய்யக் கூடாதது ஒன்று, விஎஃப்டிக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் காண்டாக்டர் போட்டு ஓட்டத்தில் வெட்டுவது. விஎஃப்டி எரிந்துபோகலாம். ஸ்டெப்பர் டிரைவருக்கும் மோட்டாருக்கும் நடுவிலும் அப்படியே. வெட்டுவது எப்போதும் உள்ளே வரும் பக்கம். அப்புறம் காண்டாக்டர் விழுந்துவிட்டது என்று உடனே விஎஃப்டி மூடியைத் திறந்து கை வைக்காதீர்கள், 230 வோல்ட் விஎஃப்டியின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும், மேனுவலில் போட்டிருக்கும் நிமிடம்வரை காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான்.

நான் எதிர்பார்க்காத சிக்கல், ஸ்பிண்டிலை மேலும் கீழும் நகர்த்தும் இசட் அச்சு. ஸ்டெப்பருக்கு மின்சாரம் போனதும் மோட்டாரின் பிடி போய்விடும், 1605 பால் ஸ்க்ரூ வழுக்கிக்கொண்டு இறங்கும், ஸ்பிண்டிலின் கனம் முழுக்கப் பலகை மேல். முதல் சோதனையில் இன்னும் சுழன்றுகொண்டிருந்த பிட் மெல்ல இறங்கி மரத்தைக் குடைந்தது. அந்த இடத்தில் யாருடைய கையாவது இருந்திருந்தால்? சாதா லீட் ஸ்க்ரூவாக இருந்தால் அநேகமாகத் தானே நிற்கும், பால் ஸ்க்ரூ நிற்காது. சரியான மருந்து, மின்சாரம் போனால் பிடிக்கிற பிரேக் வைத்த ஸ்டெப்பர். நான் இப்போதைக்குக் கார் டிக்கியைத் தூக்கும் கேஸ் ஸ்ட்ரட் ஒன்றைக் கனத்துக்குத் தக்கபடி மாட்டியிருக்கிறேன், இறங்குவதில்லை. ஆனால் ஸ்ட்ரட் நாளாக நாளாகத் தளரும், அதனால் பிரேக் மோட்டார் வாங்குவதாகத்தான் இருக்கிறேன்.

ஜிஆர்பிஎல் போர்டுக்கு இப்போது என்ன வேலை என்றால், செய்தி கேட்பது மட்டும். சேஃப்டி ரிலேவின் துணை அவுட்புட்டிலிருந்து ஒரு சின்ன ரிலே வழியாக ஏ0-வுக்கு ஒரு வயர், மெஷின் நின்றதும் போர்டும் அலார்ம் நிலைக்குப் போகும், இல்லையென்றால் மின்சாரம் இல்லாத மோட்டாருக்கு அது பாட்டுக்குப் பல்ஸ் அனுப்பிக்கொண்டிருக்கும். நின்ற பிறகு அச்சுகள் எங்கே இருக்கின்றன என்பதை நம்ப முடியாது, ஹோமிங் செய்து, அதாவது அச்சுகளைத் தொடக்கப் புள்ளிக்குக் கொண்டுபோய்த்தான் தொடங்க வேண்டும். பலகை ஒன்று வீணாகலாம். பரவாயில்லை.

வயரிங் வேலையைப் பற்றி. பேனல் கட்டுகிறவர்கள் ஃபெரூல் என்றால் வயரில் மாட்டும் எண் வளையத்தைச் சொல்கிறார்கள், வயர் நுனியில் கிரிம்ப் செய்கிற குழாய்க்குப் பின் லக் என்று பெயர். கடையில் இதைக் குழப்பி நான் ஒரு பாக்கெட் எண் வளையத்தோடு வந்துவிட்டேன், ஆனால் அதுவும் கடைசியில் மிகவும் உதவியது, ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண், ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் யோசிக்க வேண்டியதில்லை. மெல்லிய இழைகள் உள்ள வயரை நேராக ஸ்க்ரூவில் முறுக்கி வைக்காதீர்கள், பின் லக் போட்டு வையுங்கள், பற்றவைப்பும் வேண்டாம், என் பழைய பட்டன் கதை அதுதான். 24 வோல்ட் டிசிக்கு நீலம், மெயினுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை மஞ்சள். ஸ்பிண்டிலைத் தாங்கும் கேன்ட்ரி, மேசை, ஸ்பிண்டில் உடம்பு, பேனல் கதவு எல்லாவற்றுக்கும் எர்த். 230 வோல்ட் பக்கத்தை லைசென்ஸ் உள்ள வயர்மேனை வைத்துத்தான் முடித்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வருகிற காற்றில் ஷெட்டில் ஒரு ஸ்க்ரூ விடாமல் துருப்பிடிக்கும். சாதாரண வெள்ளிக் காண்டாக்டில் உப்புக் காற்று ஒரு படலம் போடும், 24 வோல்ட் அதைக் கடந்துவிடும், ஆனால் அர்டுயினோவின் 5 வோல்ட், அதுவும் மில்லி ஆம்பியரில், பல சமயம் கடக்காது. எமர்ஜென்சி சுற்றை 5 வோல்ட்டில் வைக்காதீர்கள் என்பதற்கு இது இன்னொரு காரணம். பெட்டி, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி65 வகை எடுத்தேன், கேபிள் கிளாண்டு எல்லாம் அடிப்பக்கம், மேலே ஒரு துளைகூடப் போடவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஷெட்டுக்குள் சாரல் அடித்துத் தரையில் தண்ணீர் நின்றது, பெட்டி மார்பு உயரத்தில் சுவரில் இருந்ததால் பிழைத்தது. காய்ந்த பிறகு மெயின் இறக்கித் திறந்து பார்த்தேன், உள்ளே துளி ஈரம் இல்லை. பட்டனின் தலைக்கு அடியில் மட்டும் மரத்தூளும் உப்பும் சேர்ந்து அப்பியிருந்தது, துடைத்ததும் பழையபடி. மரவேலை செய்கிறவர்கள் அந்த இடத்தை அடிக்கடி துடைக்க வேண்டும், தூள் அடைத்தால் பட்டன் முழுக்க இறங்காமல் போகலாம்.

16 மாதத்தில் சோதனை தவிர நிஜமாக அடித்தது மூன்று தடவை. இரண்டு தடவை கிளாம்ப் மேல் பிட் ஏறப் போனது, ஒரு தடவை பலகை கிளம்பியது. மூன்றிலும் அடித்த நொடியே அச்சுகள் நின்றன, ஸ்பிண்டில் 3 விநாடியில் நின்றது, காண்டாக்டர் விழும் சத்தம் அப்புறம் தனியாகக் கேட்டது.

எல்லோருக்கும் இது முழுசாகத் தேவையா? 3018 மாதிரி மேசைமேல் வைக்கிற சின்ன மெஷின், சின்ன டிசி ஸ்பிண்டில் என்றால் நல்ல பட்டனும், சப்ளையை வெட்டித் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் ஒரு காண்டாக்டரும் போதும் என்பது என் கருத்து, சேஃப்டி ரிலேவுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். விஎஃப்டி, கிலோவாட் கணக்கில் ஸ்பிண்டில், கூடவே வீட்டு ஆட்கள் பக்கத்தில் வந்து போகிறார்கள் என்றால் ரிலே வரை போங்கள். ஒரே நாளில் வாங்க முடியாவிட்டால் பட்டன், காண்டாக்டர் முதலில், ரிலே பிறகு. பட்டனில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் பட்டனை நான் இயக்கும் பக்கம், மெஷினுக்கு மேல் கையை நீட்டாமல் எட்டுகிற இடத்தில் வைத்தேன். பிறகுதான் யோசித்தேன், அன்றைக்கு மாட்டியது நான் இல்லை, எதிர்ப்பக்கம் இருந்த அப்பா. அவர் நிற்கிற பக்கமும் ஒன்று வைத்தேன், இரண்டும் வரிசையில், எதை அடித்தாலும் நிற்கும். காலையில் ஷெட்டைத் திறந்ததும் தன் பக்கப் பட்டனை அவரே அடித்து, "நின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் பிரஷ்ஷை எடுக்கிறார். துண்டை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்.

கடைசியாக, வேக்குவம் மேசை வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் எமர்ஜென்சியில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைத்து வேக்குவம் பம்பையும் அதில் சேர்த்துவிடாதீர்கள். ஸ்பிண்டில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும் அந்த 3 விநாடியில் பலகையைப் பிடித்திருப்பது அந்தப் பம்ப்தான், அது நின்றால் பலகை பறந்து வரும். என் பம்ப்பும் ஷெட் விளக்கும் தனி எம்சிபியில் இருக்கின்றன. தூள் உறிஞ்சியை மட்டும் மூன்றாவது காண்டாக்டரில் மிச்சமிருந்த போலில் சேர்த்திருக்கிறேன்.